சத்தம் வராமல் இறக்குகிறவள்

திருப்பருத்திக்குன்றம்
9.6.2024

அன்பும் தசையும் மிகுந்த ஏஞ்சல் அக்காவுக்கு,

உன் ஒரே தங்கை ஜோதிகா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் இரண்டு முட்டி, ஒரு முதுகு, ஒன்றரை மூளை எல்லாம் சுகமா?

போனை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோச் போனில் அவர் எதிரிலேயே இரண்டு நிமிடம் பேசலாம் என்றால், அதற்குப் பெயர் வலுதூக்கும் முகாமா, மத்திய சிறையா? அதனால் கடிதம். தபால் நிலையத்தில் இன்லேண்ட் லெட்டர் கேட்டேன். "ஸ்கூல் ப்ராஜெக்டா பாப்பா?" என்றார் அங்கிருந்தவர். நாமக்கல் என்று முகவரி எழுதும்போதுதான் கவனித்தேன். உனக்குக் கல், எங்களுக்கு நாமம்.

ஊர்ச் செய்தி. காவேரி அத்தை நேற்று அம்மாவிடம், "பொண்ணு இவ்ளோ வெயிட்டு தூக்கினா கர்ப்பப்பை எறங்கிடும்மா, யார் கட்டிப்பான்?" என்று ஆரம்பித்தாள். "அத்த, தெனம் ரெண்டு கொடம் தண்ணி தூக்கினு வர்றியே, உனுக்கு எறங்குச்சா?" என்றேன். நன்றாக யோசித்துவிட்டு, "அது தண்ணி, இது இரும்பு" என்றாள். அறிவியல் ஆசிரியர்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பிள்ளையார்பாளையத்தில் நம் ஜிம் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினேன்: 'உள்ளே வருபவர்கள் செருப்பையும் தலைக்கனத்தையும் வெளியே விடவும்.' சந்தோஷ்குமார் மாஸ்டர் நின்று படித்துவிட்டு, செருப்பை மட்டும் விட்டு உள்ளே போனார்.

நீ போன பிறகு அங்கே ஒரே இரும்புச் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் தறியில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் சம்சாரம் அம்சவேணி அக்கா, "எவன்டா அது போட்டது? எழ அறுந்துட போவுது" என்று கத்திக்கொண்டே இருக்கிறார். நூற்றைம்பது கிலோவைத் தூங்கும் பூனைக்குட்டிபோலக் கீழே வைக்க உன்னைத் தவிர யாருக்கும் வரவில்லை.

உன் சான்றிதழ்க் கோப்பு என் பொறுப்பில் பத்திரம். பள்ளி திறந்ததும் ஒரு நாள் விளையாட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சரிபார்த்து முத்திரை வாங்கிவிடுகிறேன். போலீஸ் வேலைக்கு விளம்பரம் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நீதான் முதலில் நிற்க வேண்டும். அம்மா மறுபடியும் சொல்லிவிட்டாள்: "இந்த வருசம் பாப்பேன். வேல கெடைக்கலன்னா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுல ஏறிடணும். அப்புறம் இரும்பு கிரும்புன்னு பேசக்கூடாது." 

பேனாவைத் தவிர வேறெதையும் தூக்காத
ஜோ

*

நாமக்கல் முகாம்
21.6.2024

குட்டிச்சாத்தானுக்கு,

அக்கா எழுதுவது. முட்டி சுகம், முதுகில் லேசாகப் பிடிப்பு, மூளை ஒன்றரை என்று சொன்னதற்கு ஊருக்கு வந்ததும் பதில் உண்டு. அம்மாவுக்கு இருமல் நின்றதா? சாயப்பட்டறைப் புகையில் துணி கட்டிக்கொள்ளச் சொல். உன் கடிதத்தை எஸ்தருக்குப் படித்துக் காட்டினேன். என் பக்கத்துக் கட்டில்காரி, ராசிபுரம். உன்னை ஒரு முறை பார்க்க வேண்டுமாம். வேண்டாம் என்றேன்.

காலை ஐந்தரைக்கு எழுப்புகிறார்கள். திங்கள் தோளில் கம்பி வைத்து ஸ்குவாட், புதன் படுத்துக்கொண்டு பெஞ்ச் பிரஸ், வெள்ளி தரையிலிருந்து எடுக்கும் டெட்லிஃப்ட். தோளில் கம்பி உட்கார்ந்ததும் எனக்கு எல்லாம் அடங்கிவிடுகிறது, ஜோ. காவேரி அத்தை இல்லை, யார் கட்டிப்பான் இல்லை. மூச்சை வயிற்றில் பிடித்து இறங்குகிறேன், எழுகிறேன். அந்த நான்கு விநாடி என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. 

இங்கே எல்லோரும் கம்பியைத் தடாலென்றுதான் இறக்குகிறார்கள். நான் இறக்கும்போது சத்தம் வராததால் முதல் நாள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தறிக்குப் பக்கத்தில் கற்றுக்கொண்டேன் என்றால் நம்பவில்லை.

கோப்பில் மூன்று தங்கச் சான்றிதழ் இருக்கும். அசலைக் கொடுத்துவிடாதே, காட்டு. வாழ்க்கையில் ஒரு வேலையை உருப்படியாகச் செய்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். குறிப்பாக உன்னிடமிருந்து அம்மாவை.

ஏஞ்சல்

*

திருப்பருத்திக்குன்றம்
8.7.2024

அக்கா,

அம்மா சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்று விளையாட்டு அலுவலகத்துக்குப் போனேன். சீட்டில் ஒரு கண்ணாடி போட்ட அக்கா. நல்ல மாதிரி. உன் போட்டோவைப் பார்த்து, "யாரும்மா இது, உங்க அக்காவா? நல்லா தூக்குது போல" என்றார். எனக்கு ஒரே பெருமை. பிறகு ஒரு பட்டியலை எடுத்து விரலை ஓட்டினார். மறுபடி மேலிருந்து ஓட்டினார்.

"இந்தச் சம்மேளனம் இதுல இல்லமா."

"அடுத்த பக்கத்துல இருக்குதா பாருங்கக்கா."

"நாலு பக்கமும் பாத்துட்டேன்மா. வலுதூக்கறதுக்கு நாட்டுல ரெண்டு மூணு சம்மேளனம் நடத்தினு இருக்காங்க. கவர்மெண்டு ஒண்ணத்தான் ஒத்துக்கினு இருக்குது. உங்க அக்கா தூக்கினது அது இல்ல."

"மூணு தங்கம் இருக்குதுக்கா."

"முப்பது இருந்தாலும் என்னால சீல் போட முடியாதும்மா. ஒதுக்கீட்டுக்கு இது செல்லாது. இந்த மாதிரி வர்ற நாலாவது பொண்ணு உங்க அக்கா." 

எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். எதற்குக் குடித்தேன் என்று தெரியவில்லை.

நேராக மாஸ்டரிடம் போனேன். அவர் முதலில் சிரித்தார், என் வழக்கமான வேலை என்று. பட்டியலின் நகலைக் காட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எனுக்குத் தெரியாதும்மா. நானும் இவங்ககிட்டதான் தூக்கினேன். வேலைக்குன்னு நான் எங்க போனேன்? தறி இருந்துச்சு, உக்காந்துட்டேன்" என்றார். சுவரில் அவருடைய பதினான்கு மெடல்கள். அதே சம்மேளனம்.

கடைசியில் சொன்னார்: "இப்ப ஏஞ்சல்கிட்ட சொல்லாத. நூத்தம்பது கிலோ கையில இருக்கும்போது மனசு உக்காந்துச்சுன்னா முதுகு தாங்காது. நான் பாத்திருக்கேன். நேஷனல் முடியட்டும், நானே போய் நேர்ல சொல்றேன்."

அதனால் இதை அனுப்பப் போவதில்லை. வேதியியல் ரெக்கார்டு நோட்டுக்குள் வைக்கிறேன். அதை நானே திறப்பதில்லை.

ஜோ

*

திருப்பருத்திக்குன்றம்
14.7.2024

நூற்றைம்பது கிலோ நாயகிக்கு,

உன் தங்கை, பதினொன்றாம் வகுப்பின் அணையா விளக்கு, எழுதுவது. அம்மாவின் இருமல் நின்றுவிட்டது, அறிவுரை நிற்கவில்லை. அங்கே உன் முதுகு சுகமா? எஸ்தர் அக்கா சுகமா? கோச்சின் விசில் சுகமா?

அலுவலகத்துக்குப் போனேன். பார்த்தார்கள். கொஞ்சம் நாள் ஆகுமாம். அரசு அலுவலகம் அல்லவா, அங்கே மின்விசிறிகூட ஒவ்வொரு இறக்கையாகத்தான் சுற்றுகிறது. 

அதை விடு. காவேரி அத்தையை ஜிம்முக்கு அழைத்துப் போனேன். நீ வென்ற மெடலைப் பார்க்கலாம் வா என்று சொல்லி, வெறும் கம்பியைக் கையில் கொடுத்தேன். இருபது கிலோ. அத்தை தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டு, "இதுக்குத்தான் ஊரூரா போறீங்களா?" என்றாள். இப்போது தினமும் வருகிறேன் என்கிறாள். கர்ப்பப்பை என்ன ஆவது என்றேன். "எனுக்கு வயசாயிடுச்சு, எறங்கினா எறங்கட்டும்" என்றாள். மாஸ்டர் ஓடி ஒளிந்துகொள்கிறார். டெய்லர் உன் அளவு ஜாக்கெட்டைத் தைத்துவிட்டு, "அண்ணனுக்கு சட்டையாவே தெச்சிருக்கலாமே" என்று கேட்டார். கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டு வந்தேன். பள்ளியில் தமிழய்யா 'பார்' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று கேட்டார். உலகம், பார்ப்பது என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் அக்கா தோளில் வைப்பது என்றேன். பெஞ்ச் மேல் ஏற்றினார். அதுவும் ஒரு பெஞ்ச் பிரஸ்தான்.

சிரித்துக்கொண்டே இரு. 

ஜோ

*

நாமக்கல் முகாம்
1.8.2024

அன்புள்ள ஜோ,

அம்மாவும் நீயும் சுகம்தானே? காவேரி அத்தை கதையைப் படித்து எஸ்தர் கட்டிலிலிருந்து விழுந்தாள். எனக்குச் சிரிக்கும்போது முதுகு வலிக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். வழக்கமாக ஒரு கடிதத்தில் நான்கைந்து ஜோக் எழுதுவாய். இதில் பத்து இருந்தன. பள்ளியில் ஏதாவது பிரச்சினையா?

இப்போது என் விஷயம். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டாதே. லேசான பிடிப்பு என்றேனே, அது லேசாக இல்லை. இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை மின்சாரம்போல ஓடுகிறது. சாக்ஸ் போட எஸ்தர்தான் உதவுகிறாள். கோச் ஒரு ஊசி போட வைத்தார். நான் கம்பியை மெதுவாக இறக்குவதுதான் தப்பு என்கிறார். "கையை எடுக்காத, ஆனா அதும் போக்குல போவ விடு. உன் முதுகு ரெண்டு வாட்டி வேல செய்யுதும்மா" என்கிறார். முயன்று பார்த்தேன். என்னால் விட முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அம்சவேணி அக்கா இருப்பதுபோலவே இருக்கிறது. 

இருபத்திரண்டாம் தேதி மகாராஷ்டிராவில் தேசியப் போட்டி. கையில் இருக்கும் மூன்று தங்கமும் வேலைக்குச் செல்லும் என்றால், இந்த ஆண்டு போட்டியை விட்டுவிட்டு ஓய்வெடுக்கிறேன். அது போதும். அவை போதாது என்றால் எப்படியும் இதைத் தூக்கியாக வேண்டும். அதனால் கேட்கிறேன். முத்திரை போட்டுவிட்டார்களா? ஒரு வரி எழுது. ஜோக் வேண்டாம்.

ஏஞ்சல்

*

திருப்பருத்திக்குன்றம்
6.8.2024

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம். முத்திரை போட்டாச்சு. மூன்றுக்கும். நீல மை, வட்ட முத்திரை, நடுவில் கோபுரம். செல்லும் என்று அந்தக் கண்ணாடி அக்காவே சொன்னார்.

நீ படு. போட்டிக்குப் போகாதே. சாக்ஸ் போடாதே. படுத்துக்கொண்டே இரு.

ஜோ

*

நாமக்கல் முகாம்
17.8.2024

என் தங்கமே ஜோ,

உன்னை இப்படி நான் கூப்பிட்டதே இல்லை. இன்று கூப்பிடத் தோன்றுகிறது. சுகமாக இருக்கிறாயா? அம்மாவிடம் முத்திரை விஷயத்தைச் சொன்னாயா? என்ன சொன்னாள்? உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். உருப்படியாக ஒரு வேலை செய்துவிட்டாய்.

நீ சொன்னபடி நான்கு நாள் படுத்தேன். படுத்துக்கொண்டே யோசித்தேன். மூன்று மாநிலத் தங்கமே செல்லும் என்றால், ஒரு தேசியத் தங்கம் எவ்வளவு செல்லும்? கோச்சிடம் கேட்டேன். தேர்வுப் பட்டியலில் தேசியப் பதக்கத்துக்குத்தான் முன்னுரிமை என்றார். எத்தனை பேர் விண்ணப்பிப்பார்கள், ஜோ? மூன்று மாநிலத் தங்கத்தோடு நான் நடுவில் எங்கேயாவது நிற்பேன். இதையும் வைத்துவிட்டால் அம்மா கம்பெனி பஸ் என்று வாயே திறக்க மாட்டாள்.

அதனால் போகிறேன். இன்னொரு ஊசி போட்டாகிவிட்டது. முத்திரை விழவில்லை என்று எழுதியிருந்தால் பயத்தோடு போயிருப்பேன். இப்போது பயமே இல்லை. செல்லும் என்று தெரிந்த பிறகு வலிகூட வேறு மாதிரி இருக்கிறது. கடைசி டெட்லிஃப்ட் நூற்று அறுபது என்று முடிவு செய்திருக்கிறோம். 

நாளை காலை ரயில். எஸ்தரும் வருகிறாள். இது உன் கைக்கு வரும்போது போட்டி முடிந்திருக்கும். ஜெபம் செய்துகொள். 

உன் அக்கா
ஏஞ்சல்

*

திருப்பருத்திக்குன்றம்
24.8.2024

அக்கா,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. உடனே கோச் போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருக்கிறார்கள். எஸ்தர் அக்கா எண் என்னிடம் இல்லை. மாஸ்டரும் பன்னிரண்டு முறை அடித்துப் பார்த்தார். 

முத்திரை போடவில்லை. ஜூலை எட்டாம் தேதியே சொல்லிவிட்டார்கள். நாம் தூக்கும் சம்மேளனம் அரசு பட்டியலில் இல்லை. மூன்று தங்கமும் செல்லாது. நீ இப்போது தூக்கியிருந்தால் அதுவும் செல்லாது. 

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினேன். இத்துடன் வைத்திருக்கிறேன், தேதியைப் பார். சொன்னால் கம்பியின் கீழே மனம் உடைந்து அடிபடுவாய் என்று மாஸ்டர் சொன்னார். அது பாதிக் காரணம். நீ சந்தோஷமாக எழுதியிருந்தாய், அது மீதி. பிறகு முத்திரை போடவில்லை என்றால் தூக்குவேன் என்று எழுதினாய். போட்டாச்சு என்றால் படுத்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ மேலும் ஒன்றுக்கு ஆசைப்படுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீல மை, கோபுரம் எல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தது.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

ஜோதிகா

*

ராசிபுரம்
18.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் ஏஞ்சல் வணக்கத்துடன் எழுதுவது. நான் இருக்கிறேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? மழைக்காலம், பட்டறையில் ஈரத்தில் நிற்காதீர்கள்.

சின்னப் பிடிப்பு என்று கோச் உங்களிடம் போனில் சொல்லியிருப்பார். சின்னதில்லை. போட்டியில் தங்கம்தான் வாங்கினேன். தூக்கியபோது ஒன்றும் ஆகவில்லை. கீழே வைக்கும்போதுதான் முதுகில் ஏதோ விட்டுப்போனது. மெதுவாகத்தான் வைத்தேன். இருபது நாள் படுக்கையில் இருந்தேன். இனி பத்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர்க் குடமும் கூடாது.

அந்தச் சான்றிதழ்கள் போலீஸ் வேலைக்குச் செல்லாதாம். எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். இங்கே எஸ்தர் வீட்டில் தங்கி ஒரு துணிக் கம்பெனிக்குப் போகிறேன். உட்கார்ந்து துணியில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நீங்கள் சொன்ன பஸ் இல்லை, வேறு பஸ். ஏறிவிட்டேன். 

கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை. காவேரி அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அம்சவேணி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மாஸ்டர் மேல் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். தெருவில் அந்தக் காது கிழிந்த நாய் இருக்கிறதா?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஞ்சல்

*

திருப்பருத்திக்குன்றம்
1.12.2024

அக்கா,

அம்மா சுகம். இருமல் இருக்கிறது. காது கிழிந்த நாய் இருக்கிறது. 

செப்டம்பரில் இரண்டு கடிதம் எழுதினேன், அக்டோபரில் ஒன்று. வந்து சேர்ந்திருக்கும், தபால்காரரைத் திட்ட வழியில்லை. மாஸ்டர் நாமக்கல் வரை வந்து, நீ பார்க்க மறுத்துவிட்டாய் என்று திரும்பி வந்தார். அடுத்த நாள் பதினான்கு மெடலையும் கழற்றிவிட்டார். சுவரில் ஆணிகள் மட்டும் இருக்கின்றன. கம்பிகளை யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன் என்கிறார். அம்சவேணி அக்கா, "இப்பத்தான் நிம்மதியா நெய்யறேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். 

அம்மா போனை நான்தான் எடுப்பேன் என்று நீ கூப்பிடவில்லை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, கடிதத்தையும் நான்தான் படித்துக் காட்ட வேண்டும் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறாய்.

படித்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் சொன்ன வரியைப் படிக்கவில்லை. தாண்டிவிட்டேன். மாஸ்டர், அத்தை, நாய் எல்லாம் வந்தது. முடிந்துவிட்டது. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இருக்கிறது என்று நினைத்தாள் போல. அதனால் நானே ஒரு வரி சேர்த்தேன். 'ஜோ ஒழுங்காகப் படிக்கிறாளா, அவளைத் திட்டாதீர்கள்.'

"அந்த எடத்த இன்னொரு வாட்டி படி" என்றாள் அம்மா.

படித்தேன். 'ஜோ நன்றாகப் படிக்கிறாளா, அவளைத் திட்ட வேண்டாம்.'

"மொதல்ல வேற மாதிரி படிச்ச."

"அதேதான்மா."

"எங்க இருக்குது? காட்டு."

என் கையிலிருந்த காகிதத்தை வாங்கித் தரையில் விரித்தாள். எங்காவது விரலை வைத்தாக வேண்டும். வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன், 'இனி பத்து கிலோவுக்கு மேல்' என்று இருந்தது. அம்மா என் விரலை நகர்த்திவிட்டுத் தன் விரலை அந்த வரியில் ஓட்டினாள். முழுவதும் ஓட்டினாள், டாக்டர் சொல்லிவிட்டார் என்பது வரை. பிறகு காகிதத்தை எடுத்து அந்த இடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். 

"உன் மேல அதுக்கு உசுரு" என்றாள்.

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை, அக்கா. எதற்கும் ஏதாவது வருமே, வரவில்லை. 

அம்மாவுக்கு அடுத்த கடிதம் எழுதும்போது எனக்கும் ஒரு வரி எழுது. திட்டு. எவ்வளவு மோசமாக வேண்டுமானாலும் எழுது. படிக்கும்போது மாற்றிப் படித்துக்கொள்கிறேன்.

ஜோதிகா